ஜப்பானில் அரிசி கணக்கில் உண்டு
ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா மூன்றின் அடிப்படைப் பணவீக்கத்தையும் (திடீரென ஏறி இறங்கும் விலைகளை விட்டுவிட்டுப் பார்க்கும் விலையேற்றம்) ஒரே அட்டவணையில் ஒப்பிட்ட கட்டுரை ஒன்று, உணவையும் எரிபொருளையும் கழித்தால் மிஞ்சுவதுதான் அது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. ஜப்பானில் அப்படி இல்லை. அங்கே காய்கறி, பழம், மீன் போன்ற புதிய உணவுகளை மட்டும்தான் கழிக்கிறார்கள். அரிசியும் பெட்ரோலும் கணக்கிலேயே இருக்கும். அப்புறம் வாடகை. சொந்த வீட்டுக்காரர் தனக்குத் தானே கொடுப்பதாக வைத்துக்கொள்ளும் கற்பனை வாடகை அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீட்டில் ஏறக்குறைய கால் பங்கு. ஐரோப்பிய மத்திய வங்கி பார்க்கும் குறியீட்டில் அது கிடையவே கிடையாது. இந்த லட்சணத்தில் மூன்று எண்களையும் ஒரே அட்டவணையில் வைத்து ஒப்பிட்டால் எப்படி? எதைக் கழிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், அந்தந்த மாதம் ரொம்ப ஏறியதில் 8 சதவீதம், ரொம்ப இறங்கியதில் 8 சதவீதம் என்று இருபுறமும் வெட்டிவிடும் கிளீவ்லாந்து ஃபெட் (அமெரிக்க மத்திய வங்கியின் கிளீவ்லாந்து நகரக் கிளை) முறையே எனக்கு நேர்மையாகப் படுகிறது.