தலை எண்ணினால் போதுமா?

எந்தக் காட்டைப் பற்றிப் பேசினாலும் "சிம்பன்சி எத்தனை மிச்சம் இருக்கிறது?" என்றுதான் முதலில் கேட்கிறோம். எனக்கு அந்தக் கேள்வியில் பாதிதான் திருப்தி. காரணம், மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டின் தென்மேற்கில் இருக்கும் தாயி மழைக்காடு. (நம் காதில் 'தாய்' என்றே விழும். பொருத்தமான பெயர்தான், பின்னால் தெரியும்.)

அங்கே சிம்பன்சிகள் கொட்டை உடைக்கின்றன. மரவேரில் ஒரு குழி, அதில் கூலா கொட்டை, கையில் கட்டையோ கல்லோ. கல்லால் கொட்டை உடைத்தவர்களுக்குத் தெரியும், ஓங்கிப் போட்டால் பருப்பும் சேர்ந்து நசுங்கிவிடும். பாண்டா என்று இன்னொரு கொட்டை (கரடி இல்லை, கொட்டையேதான்). அது கட்டைக்கெல்லாம் மசியாது, கனமான கல்தான் வேண்டும். மழைக்காட்டில் அப்படிப்பட்ட கல் சுலபமாகக் கிடைக்காது. ஆகவே கல் கிடக்கும் இடத்தை நினைவில் வைத்திருந்து தூக்கி வருகின்றன.

தாய் உடைக்கும்போது குட்டி பக்கத்திலேயே கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பருப்பில் பங்கும் கிடைக்கும். பிறகு தானே முயலும்: கொட்டையை வைக்கும், கல்லை மறந்துவிட்டு வெறுங்கையால் அடிக்கும்! கை தேற வருடக்கணக்கில் ஆகும். 1979 முதல் இவற்றைக் கவனித்த ஆய்வாளர்களான போயெஷ் தம்பதி, சில தாய்கள் குட்டிக்காகவே கல்லையும் கொட்டையையும் வேர்மேல் விட்டுப் போவதையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

இத்தனைக்கும் அதே நாட்டில், சசாந்த்ரா ஆற்றுக்குக் கிழக்கே ஆய்வாளர்கள் போய்ப் பார்த்த காடுகளில் கொட்டையும் உண்டு, கல்லும் உண்டு, உடைக்கும் பழக்கம் மட்டும் இல்லை. தாயிக்குள்ளேயே அக்கம்பக்கத்துக் கூட்டங்களுக்குள் வித்தியாசம்: பருவம் போகப் போகக் கொட்டை இளகியதும் சில கூட்டங்கள் கட்டைக்கு மாறும், ஒரு கூட்டம் கடைசிவரை கல்லை விடாது. கிட்டத்தட்ட மாமியார் வீட்டுச் சமையல் மாதிரி. வேறு கூட்டத்திலிருந்து வாழ வந்த பெண் சிம்பன்சியும் அந்தக் கூட்டத்தின் வழக்கத்துக்கே மாறிவிடுகிறாள்.

இப்போது சொல்லுங்கள், தேர்ந்த ஒரு தாய் வேட்டைத் துப்பாக்கிக்கோ மனிதனிடமிருந்து தொற்றிய சளிக்கோ பலியானால் கணக்கில் ஒன்றுதானா குறைகிறது? (சளி என்பது மிகையில்லை. நம் சுவாச வைரஸ்கள் அங்கே சிம்பன்சிகளைக் கொன்றதை 2008இல் உறுதி செய்தார்கள்.) அந்த நாடு முழுக்கவே சுமார் 18 ஆண்டுகளில் சிம்பன்சி எண்ணிக்கை 90 சதவீதம் அளவுக்குச் சரிந்துவிட்டது. மிச்சமிருக்கும் கூட்டங்களைப் பற்றி அறிக்கை எழுதும்போது எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் எழுத வேண்டும் என்பேன்: இந்தக் கூட்டத்தில் கொட்டை உடைக்கத் தெரிந்த பெண்கள் எத்தனை பேர், அவர்கள் பக்கத்தில் கையை நீட்டிக்கொண்டு உட்கார ஒரு குட்டியாவது இருக்கிறதா?