மத்தியானத்தில் ஒழுகாத வண்டி

ஊட்டி மார்க்கெட்டுக்குக் கீழே ஒரு சின்ன ஒர்க்‌ஷாப். ஜனவரி மாதம், மத்தியானம் மூன்று மணி, நல்ல வெயில். என் ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டும்வரை உட்கார்ந்திருந்தபோது காதில் விழுந்தது இது. கேத்தியில் கேரட் போடும் பெரியவர் ஒருவர், பெங்களூருக்கு வேலைக்குப் போன மகன் விட்டுவிட்டுப் போன 200 சிசி பைக்கில் வந்து இறங்கினார். மெக்கானிக்குக்கு முப்பது வயது இருக்கும். பெரியவரைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு வானத்தைப் பார்த்தார். இது முதல் தடவை இல்லை என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பெரியவர்: தம்பி, இன்றைக்கும் ஒழுகிவிட்டது. (துண்டால் மூக்கைத் துடைத்துக்கொள்கிறார்.)

மெக்கானிக்: எங்கே ஐயா? குனிந்து பார்க்கிறேன், ஒரு சொட்டு இல்லையே. உங்களுக்கு என்ன, சளியா?

பெரியவர்: என் மூக்கை விடு, வண்டியைப் பார். வீட்டில் ஒழுகுகிறது, இங்கே வந்தால் வாயை மூடிக்கொள்கிறது. என் பேரனும் இப்படித்தான். வீட்டில் கூரை மேல் ஏறுவான், டீச்சரைக் கண்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான்.

மெக்கானிக்: திங்கட்கிழமை வந்தீர்கள். பச்சைத் தண்ணீர் கொட்டுகிறது என்றீர்கள். அன்றைக்கு என்ன கண்டுபிடித்தேன்?

பெரியவர்: டப்பாவில் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டேன் என்றாய்.

மெக்கானிக்: கொஞ்சமா? கழுத்து வரைக்கும்! அந்த டப்பாவில் கீழே ஒரு கோடு, மேலே ஒரு கோடு இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நின்றால் போதும். என்ஜினைக் குளிர வைக்கிற அந்தப் பச்சைத் தண்ணீர்தான் கூலன்ட். என்ஜின் சூடானால் அது விரிந்து அங்கேதான் வரும். இடம் இல்லை என்றால் குழாய் வழியாக ரோட்டுக்குப் போய்விடும்.

பெரியவர்: நிறைகுடம் தளும்பாது என்று சொன்னவர்கள் எல்லாம் முட்டாள்களா?

மெக்கானிக்: அவர்கள் குடத்தை அடுப்பில் வைக்கவில்லை ஐயா.

பெரியவர்: சரி, அது திங்கட்கிழமை கதை. அளவாக வைத்துக் கொடுத்தாய். அப்புறமும் செவ்வாய் விடிந்தால் தரையில் பச்சையாகத் தேங்கி நிற்கிறது. புதனும் அப்படியே. வியாழன் ஒழுகவில்லை. இன்று வெள்ளி, மறுபடி ஒழுகல். பக்கத்து வீட்டு நாய் வந்து மோந்து பார்க்கிறது.

மெக்கானிக்: ஐயோ, நாயை நக்க விட்டுவிடாதீர்கள். அது இனிப்பாக இருக்கும், ஆனால் விஷம். கிட்னியைத் தின்றுவிடும்.

பெரியவர்: இனிப்பா? (யோசிக்கிறார்.) எனக்குத்தான் சர்க்கரை என்று பார்த்தால் வண்டிக்குமா?

மெக்கானிக்: கீழே பேப்பர் விரித்து வையுங்கள், எந்த இடத்தில் சொட்டுகிறது என்று தெரியும் என்று போனில் சொன்னேனே?

பெரியவர்: கொண்டுவந்திருக்கிறேன். (சட்டைக்குள்ளிருந்து மடித்த செய்தித்தாளை எடுக்கிறார்.) இதோ பார், சொட்டு விழுந்திருப்பது ராசிபலன் மேலே. என் ராசிக்கு நேராக. ‘வீண் செலவு’ என்று போட்டிருக்கிறது.

மெக்கானிக்: ஐயா, எனக்கு ராசி வேண்டாம், திசை வேண்டும். முன் சக்கரம் பேப்பரின் எந்தப் பக்கம் இருந்தது?

பெரியவர்: வண்டி கிழக்கே பார்த்து நின்றது.

மெக்கானிக்: பேப்பர்?

பெரியவர்: பேப்பர் என்னைப் பார்த்து இருந்தது. பிறகு எடுத்துப் படித்தேனே.

(மெக்கானிக் ஒரு நிமிடம் பேசவில்லை. அப்புறம் டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். அந்தப் பொறுமைக்கே தனியாகக் கூலி கொடுக்கலாம்.)

மெக்கானிக்: வாட்டர் பம்ப்புக்குக் கீழே ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அங்கேயும் ஈரம் இல்லை.

பெரியவர்: ஓட்டையா! காசையும் வாங்கிக்கொண்டு ஓட்டை போட்டா விற்கிறார்கள்?

மெக்கானிக்: அது வேண்டுமென்றே வைத்த ஓட்டை. பம்ப்புக்குள் சீல் தேய்ந்துபோனால் கூலன்ட் என்ஜின் ஆயிலோடு கலக்காமல் அந்த வழியாக வெளியே சொட்டும். நாமும் விஷயத்தைத் தெரிந்துகொள்ளலாம்.

பெரியவர்: உள்ளே தப்பு நடந்தால் வெளியே காட்டிக்கொடுக்கிற ஓட்டை. எங்கள் சங்கத்துக் கணக்குக்கும் இப்படி ஒன்று வைத்திருக்கலாம்.

மெக்கானிக்: ஆயிலையும் பார்த்துவிட்டேன். கூலன்ட் உள்ளே கலந்திருந்தால் பால் விட்ட டீ மாதிரி வெளுத்திருக்கும். அப்படி ஆனால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். உங்களுடையது கடுங்காப்பி மாதிரிதான் இருக்கிறது.

பெரியவர்: அப்பாடா. எதற்கும் ரேடியேட்டர் மேல் மூடியைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

மெக்கானிக்: கையை எடுங்கள்! எடுங்கள் ஐயா! கேத்தியிலிருந்து இப்போதுதான் ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். வீட்டில் குக்கர் விசில் அடிக்கும்போது மூடியைத் திருகுவீர்களா?

பெரியவர்: அடுப்படிக்குள் என்னை விட்டால்தானே?

மெக்கானிக்: நல்லவேளை. இதுவும் குக்கர்தான். நம் ஊரில் வெறும் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், அதனால்தான் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. இங்கே மூடிதான் அந்தக் குக்கர் வெயிட். மூடி அழுத்திப் பிடிக்கிற பிடியில், நல்ல கூலன்ட் 120 டிகிரியிலும் கொதிக்காது. சூட்டில் திறந்தால் மொத்தமும் முகத்தில் அடிக்கும். ஆறட்டும், ஒரு டீ குடிப்போம்.

(டீ வந்தது. பெரியவர் மறுபடி மூக்கைத் துடைத்தார்.)

மெக்கானிக்: ஒழுகிக் குறைந்ததற்கு எதை ஊற்றினீர்கள்? பாட்டில் வாங்கிப்போகவில்லையே.

பெரியவர்: எங்கள் ஊற்றுத் தண்ணீர்தான். கண்ணாடி மாதிரி இருக்கும்.

மெக்கானிக்: ஊற்றுத் தண்ணீரா!

பெரியவர்: ஏன்? மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வருகிற நீராவி என்ஜின் ஹில்குரோவ் ஸ்டேஷனில் நின்று என்ன, கூலன்ட்டா குடிக்கிறது? நூறு வருஷத்துக்கு மேல் தண்ணீர் குடித்தே குன்னூர் ஏறுகிறது.

மெக்கானிக்: அது தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கென்றே பிறந்த வண்டி ஐயா. உங்களுடையது கொதிக்கவே கூடாத வண்டி. அதோடு வெறும் தண்ணீர் பூஜ்ஜியத்தில் உறையும், உறைந்தால் வீங்கும். ரேடியேட்டர் விரிசல் விட்டுவிடும். பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் மைனஸ் 30 டிகிரியிலும் உறையாது. கேத்தியில் இப்போது உறைபனி விழுகிறதா?

பெரியவர்: விழுகிறதாவா? கேரட் தழையெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெளுத்துக் கிடக்கிறது. விடியற்காலை பீப்பாய்த் தண்ணீரின் மேல் கண்ணாடிச் சில் மாதிரி மிதக்கிறது.

மெக்கானிக்: (டீயைக் கீழே வைத்துவிட்டு) ஒழுகுவது எத்தனை மணிக்கு?

பெரியவர்: ஐந்தரைக்கு எழுந்து பார்ப்பேன். வண்டியை எடுத்துக் கொஞ்ச தூரம் ஓட்டினால் நின்றுவிடும்.

மெக்கானிக்: ஓட்டினால் நிற்கிறதா! இதை ஏன் திங்கட்கிழமையே சொல்லவில்லை?

பெரியவர்: ஒழுகுவதைத்தானே கேட்டாய்? நிற்பதைக் கேட்கவில்லையே.

மெக்கானிக்: வியாழக்கிழமை ஒழுகவில்லை என்றீர்களே, அதற்கு முந்தின ராத்திரி என்ன செய்தீர்கள்?

பெரியவர்: என் வீட்டுக்காரி மாரியம்மனுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்தாள்.

மெக்கானிக்: சரி. நேற்று ராத்திரி அதை அவிழ்த்துவிட்டார்களா?

பெரியவர்: சேச்சே, அது அப்படியே இருக்கிறது.

மெக்கானிக்: அப்புறம் இன்று காலை ஒழுகியிருக்கிறதே. அம்மனை விடுங்கள். வண்டிக்கு என்ன செய்தீர்கள்?

பெரியவர்: ஒன்றும் செய்யவில்லை. பனியில் நிற்கிறதே பாவம் என்று புதன்கிழமை ராத்திரி கம்பளியை எடுத்துப் போர்த்தினேன். கன்றுக்குட்டிக்குச் சாக்குப் போடுவதில்லையா?

மெக்கானிக்: (எழுந்து நிற்கிறார்) ஐயா! மூன்று தடவை வந்தீர்கள், இரண்டு டீ குடித்தீர்கள், ராசிபலன் எல்லாம் வாசித்தீர்கள். இந்த ஒரு கம்பளியை மட்டும் சொல்லாமல் வைத்திருந்தீர்களே!

பெரியவர்: வண்டிக்குக் கம்பளி போர்த்தினேன் என்று வெளியில் சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

(நான் முகத்தை ஸ்கூட்டர் பக்கம் திருப்பிக்கொண்டேன்.)

மெக்கானிக்: கேளுங்கள். ரேடியேட்டரிலிருந்து என்ஜினுக்குப் போகிறது ஒரு ரப்பர் ஹோஸ். அதை இரும்பு கிளாம்ப் ஒன்று இறுக்கிப் பிடித்திருக்கும். நாளாக நாளாக ரப்பர் அழுந்தி இறுகிப்போகும். பகலில் சூட்டில் அது கொஞ்சம் விரிந்து பிடித்துக்கொள்ளும். ராத்திரி குளிரில் சுருங்கினால் கிளாம்ப் தளர்ந்துவிடும், அந்த இடுக்கில் ஒவ்வொரு சொட்டாக வரும். மூன்று மணி வெயிலில் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினால் நான் எங்கிருந்து கண்டுபிடிப்பேன்?

(டேங்க் பக்கத்து பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு, கீழ் ஹோஸ் மேல் அப்பியிருந்த தோட்டத்து மண்ணைத் துணியால் துடைத்தார். அடியில் சுண்ணாம்பு பூத்தது போல் வெளிறிய பச்சை வளையம் ஒன்று காய்ந்திருந்தது.)

மெக்கானிக்: இதோ! தினமும் சொட்டிச் சொட்டிக் காய்ந்திருக்கிறது. (ஸ்க்ரூ டிரைவரை வைக்கிறார்.) பாருங்கள், ஒன்றரைச் சுற்று சும்மாவே போகிறது. கிளாம்ப்பும் துருப்பிடித்துவிட்டது, புதிதாகப் போட்டுவிடலாம்.

பெரியவர்: எவ்வளவு?

மெக்கானிக்: கிளாம்ப் 40 ரூபாய். ஊற்றுத் தண்ணீரை மொத்தமாக இறக்கிவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்ற வேண்டும், அது தனி.

பெரியவர்: நாற்பது ரூபாய்ச் சாமானுக்கா மூன்று தடவை கேத்திக்கும் ஊட்டிக்கும் பெட்ரோல் போட்டேன்? ராசிபலன்காரன் சரியாகத்தான் எழுதியிருக்கிறான்.

மெக்கானிக்: கம்பளி போர்த்தினீர்களே, சைலன்ஸர் ஆறின பிறகுதானே போர்த்தினீர்கள்?

பெரியவர்: ஆறிவிட்டது என்றுதான் நினைத்தேன். ஒரு மூலை மட்டும் கருகியது.

மெக்கானிக்: கடவுளே. இனிமேல் அந்த வேலையே வேண்டாம். கம்பளியை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். அது சரி, ஒழுகுவது நின்றுவிட்டது என்றால் நேற்று ராத்திரி ஏன் எடுத்துவிட்டீர்கள்?

பெரியவர்: (பலமாகத் தும்மிவிட்டு) தடித்த கம்பளி வீட்டில் இரண்டுதான் தம்பி. ஒன்று என் வீட்டுக்காரியுடையது, அதைக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. இன்னொன்றை வண்டிக்குப் போட்டால் அது ஒழுகவில்லை, எனக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. நான் அதைத் திரும்ப வாங்கிப் போர்த்திக்கொண்டால் வண்டி ஒழுகுகிறது.

(மெக்கானிக் பழைய கிளாம்ப்பைக் கையில் உருட்டிக்கொண்டே பெரியவரின் மூக்கைப் பார்த்தார்.)

பெரியவர்: அந்தப் பழசைத் தூக்கிப்போடாதே, கொடு. நாற்பது ரூபாய் கொடுக்கிறேன் இல்லையா.