பேட்டரி வயரை ஒன்றொன்றாக வெட்டுங்கள்
பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கியில், பேட்டரியை இணைக்கும் மினி டாமியா கனெக்டரை எடுத்துவிட்டு டீன்ஸ் வகைக் கனெக்டரைப் போடச் சொல்லி நீங்கள் எழுதியிருப்பது சரிதான். என்னுடையதில் பழைய கனெக்டர் நாலு மேகசின் காலியாவதற்குள் தொட முடியாதபடி சுடும். உள்ளே இருக்கும் மெல்லிய தகடு லூசானால் அந்த இடத்தில் மின்தடை கூடி, மோட்டாருக்குப் போக வேண்டிய சக்தி அங்கேயே வெப்பமாகப் போய்விடுகிறது. மாற்றிய பிறகு ட்ரிகரை அழுத்தியதும் மோட்டார் சட்டென்று பிடிக்கிறது.

ஆனால் பேட்டரி பக்கம் வயரை வெட்டுவதை ஒரே வரியில் முடித்துவிட்டீர்களே! துப்பாக்கிப் பக்கம் எப்படி வெட்டினாலும் பரவாயில்லை. லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் சேர்த்து வெட்டினால் ஷார்ட்தான். நான் அப்படி வெட்டினேன். 7.4 வோல்ட்தானே என்ற அலட்சியம். டப்பென்று ஒரு பொறி. கட்டிங் பிளேயரின் வாயில் கடுகளவு பள்ளம் இன்னும் இருக்கிறது. ஒரு வயரை வெட்டி, புதிய கனெக்டரில் சால்டர் வைத்து, சூடுபட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடிய பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். அந்தக் குழாயை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள், இதை மறக்காத ஆளே இல்லை.

அப்புறம், பேட்டரிக்குப் பெண் கனெக்டர்தான். ஆண் கனெக்டரைப் போட்டால் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், பையில் ஒரு சாவி உரசினால் போதும்.