திட்டமிட்டுத்தான் ஏரிக்குள் குடியேறினோம்

வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தால் அது மழையின் குற்றமா, நகரத்தைத் திட்டமிடாதவர்களின் குற்றமா என்ற வழக்கு சென்னையில் ஒவ்வோர் ஐப்பசியிலும் தொடங்கிவிடுகிறது. ஆட்சியில் இருப்பவர்கள் வரலாறு காணாத மழை என்பார்கள், இல்லாதவர்கள் திட்டமிடாத நகரம் என்பார்கள். தேர்தலில் இடம் மாறினால் வசனமும் இடம் மாறிவிடும். மடிப்பாக்கத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகக் குடியிருக்கும் எனக்கு இரண்டு தரப்புமே உண்மையில் பாதியைத்தான் சொல்வதாகத் தோன்றுகிறது.

முதலில் மழைக்கு உரியதை மழைக்குக் கொடுத்துவிடுவோம். 2015 டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையின்மேல் மட்டும் அன்று விழுந்த தண்ணீர் ஏறக்குறைய 1,10,000 லிட்டர், அதாவது கோடையில் நாம் காசு கொடுத்து வாங்கும் 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது லாரி. அதற்கு முந்தைய நவம்பரிலேயே நகரில் 100 செ.மீ.க்கு மேல் பெய்து, ஏரிகள் தளும்பி, மண்ணும் ஊறிக் கிடந்தது. அத்தகைய மழையை விழுங்கும் வடிகாலை எந்த ஊரும் கட்டி வைத்திருப்பதில்லை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்ட விதத்தைக் கண்டித்து, அது மனிதரால் நேர்ந்த பேரிடர் என்று தணிக்கைத் துறையின் அறிக்கை பின்னர் எழுதியது வேறு கதை.

ஆனால் 49 செ.மீ. மழை தலைமுறைக்கு ஒருமுறை வருவது. எங்கள் தெருவிலோ 10 செ.மீ. பெய்தாலே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கிறது, அதுவும் ஆண்டுதோறும் அதே நான்கு வீடுகளின் முன்னால். எவ்வளவு தண்ணீர் வர வேண்டும் என்பதை மழை முடிவு செய்கிறது. அது யார் வீட்டில் தங்க வேண்டும் என்பதை மனைப்பிரிவு வரைபடத்தில் கையெழுத்திட்டவர்கள் எப்போதோ முடிவு செய்துவிட்டார்கள்.

இங்கேதான் ‘திட்டமிடாத நகரம்’ என்ற சொல்லோடு எனக்கு உடன்பாடில்லை. 1920களில் மாம்பலத்தின் நெடிய ஏரியைத் தூர்த்து உருவாக்கிய தியாகராய நகர், பூங்காவும் அதைச் சுற்றி விரியும் சாலைகளுமாக அன்று மிகுந்த கவனத்தோடு திட்டமிட்ட குடியிருப்பு. இன்றும் மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ’ சாலை இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரி இல்லை. நுங்கம்பாக்கத்து ஏரி இருந்த இடத்தில் 1970களில் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பறக்கும் ரயிலின் தூண்களைப் பக்கிங்காம் கால்வாய்க்குள் நட்டதும், விமான நிலையத்தின் ஓடுபாதையை அடையாற்றின்மேல் நீட்டியதும் எவரோ இரவோடு இரவாகச் செய்த ஆக்கிரமிப்பு அல்ல. எல்லாம் கோப்பு நகர்ந்து, நிதி ஒதுக்கி, திறப்பு விழா நடத்திச் செய்தவை. அந்த வரைபடங்களில் தண்ணீருக்கு மட்டும் இடம் ஒதுக்கப்படவில்லை.

தென்சென்னையின் ஏரிகள் சங்கிலிபோல் அமைந்தவை. மேலே இருக்கும் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியே வழிந்து, போக்குக் கால்வாயில் ஓடி, அடுத்த ஏரியை நிரப்பும்; கடைசியில் எல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கி நகரும். ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த அந்தச் சதுப்பில் குப்பைக் கிடங்கும், சாலைகளும், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் வந்து சேர்ந்தபின் எஞ்சியது சிறு பகுதிதான். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அது இடம்பெற்றபோது மகிழ்ந்தோம். மறு ஆண்டு மிக்ஜாம் புயலில் அதே பகுதியின் தெருக்களில் படகு விட்டோம். கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டிருந்தவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் என்று அகற்றி, செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும், இதே தாழ்நிலத்தில், அடுக்குமாடி கட்டிக் குடியேற்றியதை என்னவென்று சொல்வது? ஒரு நீர்வழியிலிருந்து மீட்டவர்களை இன்னொரு நீர்வழியில் அரசே கொண்டுபோய் வைத்திருக்கிறது.

சாலையின் கதை சிறியதுதான், ஆனால் எரிச்சல் மூட்டுவது. நாங்கள் வீடு கட்டியபோது தெருவிலிருந்து மூன்று படி ஏறி வாசலுக்கு வருவோம். பழைய தாரைச் சுரண்டாமல் மேலும் மேலும் போட்டதில் மூன்று படியும் மறைந்து, இப்போது தெருவிலிருந்து ஒரு படி இறங்கித்தான் வீட்டுக்குள் வருகிறோம். பழைய பரப்பைச் சுரண்டிவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தினார். எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

என்னையும் நான் விட்டுவிட முடியாது. மனை வாங்கும்போது முப்பது ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தேன், பட்டா பார்த்தேன், அங்கீகார எண்ணைச் சரிபார்த்தேன். எல்லாம் சுத்தமாக இருந்தன, ஏனெனில் வில்லங்கச் சான்றில் தண்ணீரின் வில்லங்கம் வராது. பழைய கிராம வரைபடத்தை விரித்து, அந்தப் புல எண்ணுக்குப் பக்கத்தில் வாய்க்கால் புறம்போக்கு ஓடுகிறதா என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. விற்றவரும் சொல்லவில்லை, கடன் கொடுத்த வங்கியும் கேட்கவில்லை. பல ஆண்டுகள் கழித்து அந்த வரைபடத்தைப் பார்த்தேன். எங்கள் தெருமுனையில் தொடங்கி, அந்த நான்கு வீடுகளின் வாசல் வழியாக, இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால் போகிறது.