மலையில் பள்ளி தேடும்போது முதலில் சாலையைப் பாருங்கள்

அரசுப் பள்ளியா, தனியாரா என்பதுதான் அட்மிஷன் நேரத்தில் நீலகிரியில் எல்லா வீட்டுப் பேச்சும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்பு வரை, குழந்தை நடந்துபோகும் தூரத்தில் இரண்டு நிரந்தர ஆசிரியர்களாவது உள்ள அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ இருந்தால் பிள்ளையை அங்கேயே சேர்த்துவிடுங்கள்.

காரணம் சாலை. கோத்தகிரி பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) குன்னூருக்கு நான்கு வயதுக் குழந்தையை அனுப்பினால், விடிந்தும் விடியாமலும் வேன் ஏற வேண்டும். வளைவுகளில் வாந்தி வரும் என்று பலர் வெறும் வயிற்றோடு ஏற்றிவிடுகிறார்கள். பசியும் தலைசுற்றலுமாக இறங்கும் பிள்ளைக்குக் காலைப் பாடம் எப்படி ஏறும்? கூடலூர், பந்தலூர் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை; குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. மண் சரிந்தால் வேன் நடுவழியில் நிற்கும். ஊர்ப் பள்ளிக்கு நடந்துபோகும் பிள்ளைக்கு 1 முதல் 5 வரை காலை உணவே பள்ளியில்தான். அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் 2023 ஆகஸ்டில் அது வந்துவிட்டது. மலைப்பகுதி என்பதால் கம்பளிச் சட்டையும் தருகிறார்கள்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு சேர்த்துவிடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான். ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் பயிற்சிக்கோ மாற்றுப்பணிக்கோ போய்விட்டால் மற்றவர் பள்ளியைப் பார்த்துக்கொள்வார், பாடம் நடத்த முடியாது. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித்தருவதால் சேர்ந்து உட்காரும் வகுப்பு முன்போல அவ்வளவு மோசமில்லை. ஆனால் அதற்கு இரண்டு பேரும் இருக்க வேண்டும். பணியிடம் எத்தனை, இன்று வந்திருப்பவர் எத்தனை என்று ஹெச்.எம்.மிடம் நேராகக் கேளுங்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். தனியார் பள்ளியிலும் இதையே செய்யுங்கள். அங்கே கூடுதலாக ஒரு கேள்வி: போன வருடம் இருந்த டீச்சர்களில் எத்தனை பேர் இப்போதும் இருக்கிறார்கள்?

வீட்டில் படுகு மொழியோ மலையாளமோ பணியர் மொழியோ பேசும் பிள்ளைக்குத் தமிழே இரண்டாவது மொழி. அதன் தலையில் முதல் நாளிலிருந்தே ஆங்கிலத்தில் எல்லாப் பாடத்தையும் ஏற்றினால், வீட்டில் சொல்லித்தர ஆளில்லாமல் ஒன்றாம் வகுப்பிலேயே டியூஷன் தேட வேண்டிவரும். அந்தச் செலவையும் வேன் வாடகை, புத்தகம், சீருடையையும் ஃபீஸோடு கூட்டிப் பாருங்கள். கட்டண நிர்ணயக் குழு அந்தப் பள்ளிக்கு அனுமதித்த தொகை எவ்வளவு என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளிகளில் கிடைக்கும் 25 சதவீத இலவச இடத்தை நம்பி இருப்பவர்கள் கவனியுங்கள். நலிவடைந்த பிரிவுக்கு ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள், வீடு 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மலையில் எத்தனை வீட்டுக்கு அது வாய்க்கும்? இங்குள்ள பழைய பள்ளிகள் பல மிஷனரிகள் நடத்துபவை. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இடம் கிடைத்தாலும் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதில் முழு ஃபீஸுக்குத் தயாரா என்று இன்றே யோசியுங்கள்.

ஐந்து வயதில் எடுக்கும் முடிவே கடைசி என்று பயப்படவும் வேண்டாம். மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி இதில் சேராது. ஆகவே ஆறாம் வகுப்பில் மாற்றினாலும் போதும். ஆனால் தமிழ்வழிக்கு அரசு வேலையில் கிடைக்கும் 20 சதவீத முன்னுரிமைக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று சான்று வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழிப் பிரிவு இருக்கிறது. விண்ணப்பத்தில் எந்த வழி என்று எழுதியிருக்கிறார்கள் எனப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நடக்கும் பாதையில் யானையோ காட்டெருமையோ வரும் இடமென்றால் தூரம் குறைவு என்று பிள்ளையைத் தனியே விடாதீர்கள். தொலைவான குடியிருப்புகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வாகன வசதியும் துணையாள் வசதியும் உண்டு. பெற்றோரும் ஆசிரியரும் இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலோடு ஹெச்.எம். வழியாகக் கல்வித் துறையின் வட்டார வளமையத்துக்குக் கொடுங்கள். பள்ளி திறந்ததும் கொடுத்துவிட்டால் நல்லது.