அப்பாவோடு கடலுக்குப் போகும் போன்

ராமேஸ்வரம் தீவில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போய் வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறதா என்று கேளுங்கள். அநேகமாக "இருக்கு" என்றுதான் சொல்வார்கள். கணக்கெடுப்பவர் அதை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அது யார் கையில், எத்தனை மணிக்கு இருக்கிறது என்று கேட்பதில்லை.

மீன்பிடிக் குடும்பத்தில் போன் ஒரு தொழில் சாமான். காற்று எப்படி, கரையில் இறாலுக்கு என்ன விலை, பக்கத்துப் படகுக்காரர் எங்கே வலை விட்டிருக்கிறார் எல்லாம் அதில்தான். எனவே பாலிதீன் பையில் சுற்றி அப்பாவோடு படகேறிவிடும். ராத்திரி முழுக்கக் கடல். அவர் கரைக்கு வரும்போது பிள்ளைகள் பள்ளிக்கூடம் கிளம்பியிருப்பார்கள். சாயங்காலம் வீட்டில் இருந்தாலும் முதலில் பிடுங்குவது தம்பி, கேம் விளையாட. ஒன்பதாவது படிக்கிற அக்கா கைக்கு அது வரும்போது அன்றைய டேட்டா தீர்ந்திருக்கும்.

விசைப்படகுக்காரர் வீடுகளில் போன் நாள் முழுக்க இருப்பது மீன்பிடித் தடைக்காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதில் பெரும்பகுதி கோடை விடுமுறை. பாடம் நடக்கிறபோது போன் கடலில், போன் கரையில் கிடக்கிறபோது பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும்! நாட்டுப்படகுக்காரர் வீட்டுக்கு இந்தத் தடைக்காலமும் கிடையாது.

போனால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. டிஎன்பிஎஸ்சி எழுதுகிற பிள்ளைகளைப் பாருங்கள். முன்பு கோச்சிங் என்றால் மதுரை. ராமேஸ்வரத்திலிருந்து ஏறக்குறைய 170 கிலோமீட்டர். விடுதி வாடகை, சாப்பாட்டுச் செலவு வேறு. இப்போது யூடியூபில் வகுப்பு, டெலிகிராமில் பழைய வினாத்தாள். அப்துல் கலாம் உயர்நிலைப் படிப்புக்குத் தீவை விட்டு ராமநாதபுரம் ஷ்வார்ட்ஸ் பள்ளிக்குப் போக வேண்டியிருந்தது. (எந்த விழாவிலும் அவர் பேப்பர் போட்டதைச் சொல்வோம், இதைச் சொல்ல மாட்டோம்.) அந்தத் தூரத்தைப் போன் நிஜமாகவே குறைத்திருக்கிறது. ஆனால் யாருக்கு? சொந்தமாகப் போன் வைத்திருக்கிற, ஏற்கெனவே நன்றாக வாசிக்கத் தெரிந்த இருபது வயதுக்காரருக்கு. எழுத்துக் கூட்டி வாசிக்கிற ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார ஒரு ஆள் வேண்டும்.

இதே மாவட்டத்தில் முஸ்லிம்கள் அதிகம் வாழும் கீழக்கரை, தொண்டி பக்கம் கதை கொஞ்சம் வேறு. அப்பா வளைகுடாவில் இருப்பார், வீட்டில் நல்ல போனே இருக்கும். அங்கே தடை வேறு வடிவத்தில் வரும்: "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குப் போனு?" இதை மதத்தோடு முடிச்சுப் போட வேண்டாம், எல்லாத் தெருவிலும் கேட்கிற வசனம்தான் இது.

2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தை நான் இன்னும் பெரிதாக நினைப்பது இதனால்தான். அது மாணவர் பெயரில் வந்தது. அப்பா அதைத் தூக்கிக்கொண்டு கடலுக்குப் போக முடியாது. 2019இல் வந்த கல்வி தொலைக்காட்சியும் அப்படித்தான். 2020இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது டேட்டா போட வழியில்லாத வீட்டிலும் பாடம் ஓடியது. டிவியும் கேபிள் இணைப்பும் இருந்தால் போதும்.

பாடப்புத்தகத்தில் க்யூஆர் கோடு அச்சடிப்பது நல்லதுதான். வீட்டுப்பாடத்தை ராத்திரி எட்டு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு, காலையில் "ஏன் எழுதவில்லை" என்று கேட்பதுதான் அநியாயம். ஆசிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், கரும்பலகையிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

அப்புறம், அரசுப் பள்ளிகளில் ஹைடெக் லேப் என்று கம்ப்யூட்டர் அறை வந்திருக்கிறது. கடலோர ஊர்களிலாவது அதைச் சாயங்காலம் ஏழு மணி வரை திறந்து வைக்கலாம். ஆளுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஊர்ப் பெண்கள் தினமும் மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அதே ஊர்களில் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். கொஞ்சம் கூட்டிக் கொடுத்து, லேப் சாவியை அவர்களிடம் கொடுங்கள்.