ராஜாவின் மூக்கில் மிளகு

எகிப்தை அறுபத்தாறு வருஷம் ஆண்ட இரண்டாம் ராம்சேஸ் கி.மு. 1213-இல் இறந்தார். வயது தொண்ணூறை ஒட்டி இருக்கும். பதப்படுத்தி வைத்திருந்த அவர் உடலில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று 1976-இல் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ஆராய்ந்தபோது மூக்குக்குள் மிளகு இருந்தது தெரிந்தது. கட்டுத்துணியை இறுக்கிச் சுற்றினால் மூக்கு சப்பிவிடுமே என்று யாரோ ஒருவர் கவலைப்பட்டு அடைத்த மிளகு. நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துக் கொடியில் காய்த்தது அத்தனை தூரம் போயிருக்கிறது.

கெய்ரோவில் ஃபுஸ்தாத் அருங்காட்சியகத்தின் நிலவறையில் அவரைப் பார்த்தேன். மஞ்சளேறிய முடி, அந்த வளைந்த மூக்கு, லேசாக மேலே தூக்கிய இடது கை. விரல்களில் நகம்கூட அப்படியே இருக்கிறது. ஒரு நிமிஷத்துக்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை. யாரும் பார்க்கக்கூடாது என்றுதானே இந்த முகத்தை அத்தனை சுற்று சுற்றினார்கள்?

உடலை மம்மியாக்கும் அந்தச் சடங்குக்கு எழுபது நாள் ஆகும். மூளையைக் கொக்கிவிட்டு மூக்கு வழியாக எடுப்பார்கள். கல்லீரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கையும் தனித்தனி ஜாடிகளில் வைப்பார்கள். இதயத்தை மட்டும் தொடமாட்டார்கள். மறுமையில் தராசில் நிறுக்க அது வேண்டும். நேட்ரான் உப்பில் உடலை உலர்த்தி, எண்ணெயும் பிசினும் பூசி, துணி சுற்றுவார்கள். கடைசியில் வாய் திறக்கும் சடங்கு. துட்டன்காமூன் கல்லறைச் சுவரில் அது அப்படியே இருக்கிறது: அடுத்த அரசரான ஆய் சிறுத்தைத் தோல் போர்த்திக்கொண்டு, தச்சர் வாய்ச்சி மாதிரி ஒரு கருவியை இறந்தவர் வாய்க்கு நேரே நீட்டுகிறார். இனி இவர் சாப்பிடலாம், பேசலாம், மூச்சு விடலாம் என்று அர்த்தம்.

ராம்சேஸ் கல்லறையில் கொள்ளையர்கள் புகுந்த பிறகு கோயில் பூசாரிகள் அவரை மறுபடி துணி சுற்றி, பெயரெழுதி, மலைக்குள் ஒளித்து வைத்தார்கள். அந்தத் துணியை 1886-இல் கால் மணி நேரத்துக்குள் அவிழ்த்துவிட்டார்கள். எழுபது நாள் வேலைக்குக் கால் மணி நேரம். எனக்கு ஆறவே இல்லை.

ஆராய்ச்சி வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். முதலாம் அமென்ஹோடெப் என்ற இன்னொரு அரசரின் துணிக்கட்டை இந்தக் காலத்தில் யாரும் பிரிக்கவில்லை. மேலே போட்ட பூமாலையோடு அப்படியே சி.டி. ஸ்கேன் எடுத்து, சுமார் 35 வயதில் இறந்தார் என்று 2021-இல் சொல்லிவிட்டார்கள். உள்ளே எத்தனை தாயத்து என்றுகூட எண்ணியாயிற்று. சரி, அப்புறம் எதற்கு மற்றவர்களின் முகம் திறந்து கிடக்கவேண்டும்? ஜாடிகளை வையுங்கள், சவப்பெட்டிகளை வையுங்கள், மாலைகளை வையுங்கள், நாள் முழுக்க நின்று பார்க்கிறேன். முகத்தின் மேல் ஒரு துணி போடுங்கள், போதும். 1980-இல் எகிப்து அதிபர் சதாத், கெய்ரோவின் பழைய அருங்காட்சியகத்தில் இருந்த மம்மி அறையை மூடச் சொன்னார். 1994-இல் மறுபடி திறந்தார்கள். என் மனசு சதாத் பக்கம்தான்.

1881-இல் அந்த மலைக்குழியிலிருந்து ராம்சேஸையும் மற்ற அரசர்களையும் எடுத்துப் படகில் ஏற்றி கெய்ரோவுக்குக் கொண்டுபோனார்கள். நைல் கரை நெடுக கிராமத்துப் பெண்கள் தலைவிரி கோலமாக ஒப்பாரி வைத்துக்கொண்டே படகோடு நடந்தார்கள். சாவு ஊர்வலத்தில் சுடுவதுபோல ஆண்கள் வானத்தை நோக்கித் துப்பாக்கியால் சுட்டார்கள்.